பாதி விலைக்கு வரும் டேட்டா சென்டர் எஸ்.எஸ்.டி.

கேள்வி: வீட்டில் ஒரு சிறிய சர்வரில் குடும்பப் புகைப்படங்களைச் சேமித்து வைத்திருக்கிறேன்; இரண்டு மெய்நிகர் கணினிகளும் (மென்பொருளால் ஒரே கணினிக்குள் இயங்கும் தனிக் கணினிகள்) அதில் ஓடுகின்றன. டேட்டா சென்டரில் பயன்படுத்திக் கழித்த 1.92 டெராபைட் எஸ்.எஸ்.டி. (பிளாஷ் நினைவகச் சேமிப்பகம்) ஒன்று, புதிய சாதாரண எஸ்.எஸ்.டி.யின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஆயுளில் 92 சதவீதம் மீதி இருப்பதாக விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த 92 சதவீதம் உண்மையாகவே இருந்தாலும் உங்கள் முடிவுக்கு அது பெரிதாக உதவாது. இத்தகைய எஸ்.எஸ்.டி.க்களின் தாங்குதிறனை டி.டபிள்யூ.பி.டி. என்ற அளவால் குறிக்கிறார்கள். உத்தரவாதக் காலம் முழுவதும் நாள்தோறும் அதன் முழுக் கொள்ளளவையும் எத்தனை முறை எழுதலாம் என்பதே அதன் பொருள். ஐந்து ஆண்டு உத்தரவாதமும் 1 டி.டபிள்யூ.பி.டி.யும் கொண்ட 1.92 டெராபைட் எஸ்.எஸ்.டி.யில் ஏறத்தாழ 3,500 டெராபைட் எழுதலாம். உங்கள் சர்வர் நாளொன்றுக்கு 30 ஜிகாபைட் எழுதுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 11 டெராபைட்தான் ஆகும். மீதி 92 சதவீதமானாலும் 60 சதவீதமானாலும் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது தீரப்போவதில்லை.

விலை கொடுத்து வாங்கத் தக்கது வேறொன்று: மின்தடைப் பாதுகாப்பு. மின்சாரம் திடீரென நின்றால், இடைநினைவகத்தில் இருக்கும் தரவைப் பிளாஷ் நினைவகத்தில் எழுதி முடிக்கும் வரை உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் தாங்கிப் பிடிக்கும். இந்த உறுதி இருப்பதால்தான், 'உடனே நிலையாக எழுது' என்று தரவுத்தளமோ மெய்நிகர் கணினியோ கேட்கும்போது இந்த எஸ்.எஸ்.டி. தாமதமின்றி 'எழுதியாயிற்று' என்று பதில் சொல்ல முடிகிறது, சாதாரண எஸ்.எஸ்.டி. அதே வேலையில் பன்மடங்கு வேகம் குறைந்து திணறும். எனவே மெய்நிகர் கணினிகளுக்கு இதை வாங்குவதில் பொருள் உண்டு. எப்போதாவது திறந்து பார்க்கும் புகைப்படங்களுக்கு மட்டும் என்றால் நான் வாங்க மாட்டேன்.

அடுத்து, இணைப்பைப் பாருங்கள். சர்வர்களுக்கான சாஸ் என்ற இணைப்பு வகை எஸ்.எஸ்.டி., சாதாரண மதர்போர்டின் சாட்டா இணைப்பில் வேலை செய்யாது. தனிக் கன்ட்ரோலர் அட்டை வேண்டும். சர்வர்களில் வரும் மற்றோர் இணைப்பு வகையான யு.2-க்கு அடாப்டரும் 12 வோல்ட் மின்சாரமும் தேவைப்படும். அது சர்வர் விசிறிகளின் பலத்த காற்றை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது என்பதால், காற்றோட்டமில்லாத சிறு பெட்டிக்குள் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே 5 வாட் இழுக்கும் எஸ்.எஸ்.டி. ஓராண்டில் ஏறத்தாழ 44 யூனிட் மின்சாரத்தைச் செலவழிக்கும். அடாப்டர், அட்டை, விசிறி ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தால் பாதி விலை என்பது பல நேரங்களில் முக்கால் விலையாகிவிடுகிறது.

எஸ்.எஸ்.டி. தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையின் முழு ஸ்கிரீன்ஷாட்டை விற்பவரிடம் கேளுங்கள். அதில் தேய்மான சதவீதத்தைவிட, தரவுப் பிழைகளின் எண்ணிக்கையும் பழுதான பகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கியதில் மீதமுள்ள இருப்பும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பழைய எஸ்.எஸ்.டி. ஒன்று சில மணி நேரமே ஓடியதாகக் காட்டினால் ஐயப்படுங்கள். சர்வர் நிறுவனங்களின் முத்திரையோடு வருபவற்றில் பர்ம்வேரை (எஸ்.எஸ்.டி.யை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) புதுப்பிக்க முடியுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். 2019 நவம்பரில் ஹெவ்லெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ், தன் சில சாஸ் எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் தரவோடு சேர்ந்து செயலிழக்கும் என்று எச்சரித்துத் திருத்திய பர்ம்வேரை வெளியிட்டது. ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு! கழித்துவிடப்பட்ட எஸ்.எஸ்.டி. நம் கைக்கு வரும் வயதும் கிட்டத்தட்ட அதுதான்.

கேள்வி: அப்படி வாங்கியதில் காப்புப் பிரதி எடுத்து, இணைப்பை நீக்கி அலமாரியில் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். குறைகடத்தித் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலைப்படி, குறித்த தாங்குதிறன் முழுவதும் தீர்ந்த பிறகு, மின்சாரம் இல்லாத நிலையில் சாதாரண எஸ்.எஸ்.டி. 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். டேட்டா சென்டர்களுக்கான நிறுவன வகைக்கோ 40 டிகிரியில் மூன்று மாதம் காத்தால் போதும். தேய்மானம் குறைவாக இருந்தால் இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், அலமாரியில் வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்கே பொருத்தம்.