விசாரங்கள் பெருகும்போது: வாசகர் கேள்வி, போதகர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கவலையைப் பற்றியும், தாங்க முடியாத சுமையால் உண்டாகும் மனச்சோர்வைப் பற்றியும் இருந்தபடியால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: போதகர் ஐயா, படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பராமரிப்பது, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, என் அலுவலக வேலை, கணவருக்கு வேலை போனதால் ஏறிவிட்ட கடன் என எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைமேல் விழுந்திருக்கின்றன. இரவில் தூக்கம் வருவதில்லை. சபையில் மூத்த சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கவலைப்படாதிருங்கள் என்பது ஆண்டவருடைய கட்டளை, கவலைப்படுவது விசுவாசமில்லாமைக்கு அடையாளம், அது பாவம்" என்றார். அன்றுமுதல் கவலையோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. என் விசுவாசம் உண்மையானதுதானா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்து, உங்களுக்காக ஜெபித்த பிறகே எழுத உட்கார்ந்தேன். அந்த மூத்த சகோதரி நல்லெண்ணத்தோடுதான் பேசியிருப்பார். ஆனாலும் ஆண்டவருடைய வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சொல்லப்பட்ட குரலை விட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு பேசியது, நாளைய உணவும் உடையும் மெய்யாகவே கேள்வியாக இருந்த ஏழை ஜனங்களிடத்தில். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், ஆகாயத்துப் பட்சிகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டி, உங்கள் பரமபிதா உங்களை அறிந்திருக்கிறார் என்று தேற்றுகிறார். அதே போதனையை எழுதிய லூக்கா, "பயப்படாதே சிறுமந்தையே" என்ற கனிவான அழைப்பையும் அதனோடு பதிவு செய்திருக்கிறார்.

"அற்பவிசுவாசிகளே" என்று இயேசு அங்கே சொன்னாரே என்று நீங்கள் கேட்கக்கூடும். மத்தேயு சுவிசேஷத்தில் அந்தச் சொல் தம்மைப் பின்பற்றி வந்தவர்களை நோக்கியே சொல்லப்படுகிறது. விசுவாசம் அற்பமாயிருக்கிறது என்றால், இருக்கிறது என்றுதானே பொருள்? பேதுரு தண்ணீரில் அமிழ்ந்துபோகையில் நடந்ததைக் கவனியுங்கள். இயேசு முதலில் கையை நீட்டி அவனைப் பிடித்தார்; அதற்குப் பிறகே "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்றார். அந்த வரிசை எனக்கு மிகவும் அருமையானது. கடிந்துகொள்ளுதல் எதுவாயிருந்தாலும், அதைப் பேதுரு கேட்டது பிடித்திருந்த கைக்குள் இருந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல்தான், "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்று கொரிந்தியருக்கும் எழுதினார். இரண்டு இடங்களிலும் கிரேக்க மூலத்தில் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களே உள்ளன. தீமோத்தேயு மற்றவர்களுடைய காரியங்களை உண்மையாய் விசாரிப்பதைப் பாராட்டும்போதும் அந்த வினைச்சொல்லையே பவுல் பயன்படுத்துகிறார். ஆகவே மாமியாருக்கு மருந்து கொடுத்தோமா என்று நடு இரவில் உங்கள் மனம் பதறுவதைப் பாவம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது அன்பு சுமக்கும் பாரம். அந்த அன்பு, எல்லாவற்றையும் நான் ஒருத்தியே தாங்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும் இடத்தில்தான் கவலை நம்மை நெரிக்கிறது.

நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் நான் அடிக்கடி நின்று யோசிக்கிற ஒரு சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. 94ஆம் சங்கீதத்தில், "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது" என்று பக்தன் பாடுகிறான். பேதுருவின் நிருபமோ, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறது. மூல மொழிகளில் இவை வெவ்வேறு சொற்களே. ஆனால் தமிழில் வாசிக்கிற நமக்கு, நம் உள்ளத்தில் பெருகும் விசாரமும் தேவனுடைய விசாரிப்பும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. நீங்கள் எதைக் குறித்து விசாரப்படுகிறீர்களோ, அதை விசாரிக்கிறவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.

இனி, தாங்க முடியாத சுமையைப் பற்றி. தீர்க்கதரிசியாகிய எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டான். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவன் அவன்! அவனுடைய விசுவாசம் எங்கே போயிற்று என்று தேவன் கேட்கவில்லை. தூங்கவிட்டார், தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுடப்பட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் உணவு. இரண்டாம் தரம் தூதன் சொன்ன காரணம், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதே. தேவனோடு பேசுவதற்கு எலியாவுக்கு 40 நாள் கழித்து ஓரேப் பர்வதத்தில் நேரம் கிடைத்தது; முதலில் கிடைத்தது தூக்கமும் சாப்பாடும். அங்கே, நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று அவன் முறையிட்டபோது, இஸ்ரவேலிலே 7000 பேர் மீதியாயிருக்கிறார்கள் என்று தேவன் அறிவித்து, தோள் கொடுக்க எலிசாவையும் தந்தார்.

உங்கள் கடிதத்தில் "நான்" என்ற சொல் மிகுதியாக இருக்கிறது, சகோதரி. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் தனிமையை அது காட்டுகிறது. காலைமுதல் சாயங்காலமட்டும் தனியாக ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவனுடைய மாமன் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்றான். பரிசுத்த வேலையாயிருந்தாலும் ஒருவரே செய்தால் தொய்ந்துபோவார் என்பதே அதன் பொருள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் உங்கள் கணவர், மாமியாருடைய மகன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு என்று இந்த வாரமே அமர்ந்து பேசுங்கள். வாரத்தில் ஒரு மாலை உங்கள் வீட்டுக்கு வந்து உட்காரும்படி சபையில் இரண்டு பேரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கடன் கொடுத்தவரிடம் ஒளிந்துகொள்ளாமல், எவ்வளவு, எப்போது என்று கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போய்ப் பேசுங்கள். இவையெல்லாம் விசுவாசத்துக்குப் புறம்பான காரியங்கள் அல்ல. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் நிருபம் சொல்லுவது இதைத்தான்.

கேள்வி: ஜெபிக்கும்போது பாரத்தை ஆண்டவரிடம் வைத்துவிடுகிறேன். ஆமென் சொல்லி எழுந்திருக்கும்போதே அதைத் திரும்பத் தூக்கிக்கொள்கிறேன். என் ஜெபத்தில் என்ன குறை?

பதில்: குறை இருக்கிறதென்று எனக்குத் தோன்றவில்லை, சகோதரரே. பேதுரு "வைத்துவிடுங்கள்" என்று எழுதும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: இயேசு எருசலேமுக்குள் பிரவேசிக்கையில் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்கள் என்று லூக்கா சொல்லும் இடம். சுமக்கக்கூடிய ஒன்றின்மேல் தூக்கிப் போடுவதே அந்தச் சொல்லின் சாயல். இந்த வாக்கியம் மூலத்தில் முந்தின வசனத்தின் தொடர்ச்சி என்பதும் கவனிக்கத்தக்கது. "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" என்ற புத்தியோடு இணைந்தே அது வருகிறது. ஆகவே பாரத்தை வைப்பது தாழ்மையின் ஒரு செயல். எல்லாவற்றையும் என் கைக்குள் வைத்திருக்க என்னால் முடியாது என்று ஒப்புக்கொள்வது. தாழ்மையை ஒரே நாளில் கற்று முடித்தவர் யார்? பத்து முறை திரும்ப எடுத்துக்கொண்டால் பதினோராம் முறையும் வைக்கலாம். அவர் அலுத்துக்கொள்வதில்லை.

ஒரு காரியம் மட்டும் உதவக்கூடும். "என் கவலைகளை எடுத்துப்போடும்" என்று பொதுவாக ஜெபிக்கிறபோது, கவலை பெயரில்லாத மூட்டமாகவே நின்றுவிடுகிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் "உங்கள் விண்ணப்பங்களை... தெரியப்படுத்துங்கள்" என்கிறார். எனவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டும் சொல்லலாம். எழுதியவற்றுள் இன்றைக்கு உரியது எது, நாளைக்கு உரியது எது என்று பிரித்துப் பாருங்கள். வனாந்தரத்தில் தேவன் நாள்தோறும் கொடுத்த உணவாகிய மன்னாவை இஸ்ரவேலர் மறுநாளைக்கென்று மீதியாக வைத்தபோது அது புழுபிடித்து நாற்றமெடுத்தது. அன்றன்றைக்கு உரியதே அன்றன்றைக்குப் போதுமானதாயிருந்தது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொல்லும்போது, பாடு இல்லை என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு பாடு உண்டு, அதற்கு ஒரு கிருபையும் உண்டு. நாளைய பாட்டை இன்றைய கிருபையில் சுமக்கப் பார்த்தால் முதுகு வளைந்துபோகும்.

பிறகு, அதே வசனத்தில் விண்ணப்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸ்தோத்திரம், அதாவது நன்றி சொல்லுதல். கண்முன் இருக்கும் துன்பத்துக்காக நன்றி சொல்லும்படி யாரும் உங்களை வற்புறுத்த வேண்டியதில்லை; முன்பு ஆண்டவர் நடத்தி வந்த ஒரு நாளை நினைத்து நன்றி சொன்னாலே போதும். பவுல் அந்த நிருபத்தைக் காவலில் இருந்தபடி எழுதினார். விடுதலை கிடைக்கும் என்று அந்த வசனத்தில் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் "காத்துக்கொள்ளும்" என்றே சொல்லுகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் போர்வீரர் காவல் காப்பதைக் குறிப்பது. தம்மைக் காவல் காத்த சேவகரைப் பார்த்துக்கொண்டே அதை எழுதினாரோ என்று நான் நினைப்பதுண்டு. பிரச்சனை வாசலில் நிற்கும்போதே உள்ளம் காக்கப்படுகிறது என்பதே அங்கே சொல்லப்பட்டிருக்கும் வாக்குத்தத்தம்.

கேள்வி: ஆறு மாதமாகப் படபடப்பும் பயமும் இருக்கின்றன. மனநல மருத்துவரிடம் போவது தேவனை நம்பாததற்குச் சமமா?

பதில்: இல்லை. தயங்காமல் போங்கள். பவுலுக்குப் பிரியமான வைத்தியனாகிய லூக்கா உடனிருந்தார். அவரை வைத்துக்கொண்டது பவுலின் விசுவாசக் குறைவு என்று ஒருவரும் சொல்வதில்லை. இருதயத்தில் அடைப்பு வந்தால் மருத்துவரிடம் போகிற நாம், மூளையும் மாம்சமும் இரத்தமுமான ஓர் உறுப்பே என்பதை மறந்துவிடுகிறோம். சிகிச்சையையும் ஜெபத்தையும் சேர்த்தே நடத்துங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை, யாரோ தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எந்நேரத்திலாவது எழுந்தால், அந்த நாளிலேயே, அந்த மணிநேரத்திலேயே, நம்பத்தகுந்த ஒருவரிடம் வாய்திறந்து சொல்லி, அவருடன் மருத்துவரிடம் போங்கள். எலியாவும் அந்த வார்த்தையைத் தேவனிடத்தில் மறைக்கவில்லை.

கேள்வி: என் மனைவி எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறாள். வசனங்களைச் சொல்லித் தேற்றினால் கோபம் வருகிறது. நான் எப்படி உதவுவது?

பதில்: தம்பி, எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் இருந்த யோபுவுக்கு அவனுடைய நண்பர்கள் செய்த மிகச் சிறந்த காரியம், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடே தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாய் திறந்த பிறகே அவர்கள் தவறினார்கள். அவர்கள் சொன்னவற்றில் பல வாக்கியங்கள் தனியாக எடுத்துப் பார்த்தால் சரியானவையே. வசனம் உண்மையாயிருந்தாலும், பேச்சை முடிப்பதற்காகச் சொல்லப்படும்போது கேட்கிறவருக்குக் கதவைச் சாத்துவதுபோல் இருக்கும். முதலில் முழுவதையும் கேளுங்கள், இடையில் திருத்தாமல். அழுதால் அழவிடுங்கள். 88ஆம் சங்கீதம் நம்பிக்கையான ஒரு முடிவுரைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. ஒருநாள் இருவருமாகச் சேர்ந்து அதைச் சத்தமாய் வாசித்துப் பாருங்கள். பிறகு, "இன்றைக்கு உன் கையில் இருப்பதில் எதை நான் எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டு, அவர் சொல்லும் அந்த ஒரு வேலையை அன்று இரவுக்குள் நீங்களே செய்து முடியுங்கள்.