ஹால் சுவருக்கு ஒரு படம்

அன்புள்ள ஐயா,

புது வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஹால் சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அசல் ஓவியம் வாங்க வசதியில்லை. ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஓர் ஓவியத்தின் அச்சுப்பிரதியைப் பார்த்தேன். 'வருமானத்தில் ஒரு பகுதி குழந்தைகள் கல்விக்கு' என்று போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா? அச்சுப்படம் மாட்டுவது மட்டமா? வரிச்சலுகை கிடைக்குமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அச்சுப்படம் மட்டம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நம் வீடுகளுக்குள் ஓவியம் வந்ததே அச்சாகத்தான். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனையை விட்டு எளியவர்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் காலண்டரில் ஊர் ஊராகப் போயின. நம் பாட்டிமார் கும்பிட்டதெல்லாம் அச்சைத்தான்.

படம் விற்று நல்ல காரியத்துக்குப் பணம் சேர்ப்பதும் புதிதல்ல. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டை 1949இல் வந்தது. அதை வரைந்தவள் செக்கோஸ்லோவாகியக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி யிட்கா சம்கோவா. போர் முடிந்த சமயம், காகிதம் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாள். சூரியனுக்குக் கீழே கம்பத்தைச் சுற்றி ஆடும் பிள்ளைகள். தன் ஊருக்கு வந்த உதவிக்கு நன்றியாக வரைந்த படம், வேறு பிள்ளைகளுக்கு உதவியாகத் திரும்பிப் போனது. நம் நாட்டில் குழந்தைகளுக்காக 1979இல் தொடங்கிய கிரை (CRY) அமைப்பும் ஆரம்ப வருஷங்களில் வாழ்த்து அட்டை விற்றுத்தான் வளர்ந்தது.

சரி, உங்கள் 900 ரூபாய்க்கு வருவோம். 'ஒரு பகுதி' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். எவ்வளவு, எதில், யாருக்கு என்று கேட்டு எழுதுங்கள். விலையில் பத்து சதவீதம் என்றால் 90 ரூபாய் போகும். லாபத்தில் பத்து சதவீதம் என்றால் கதையே வேறு. காகிதம், அச்சு, பேக்கிங், கூரியர் எல்லாம் கழித்து 150 ரூபாய் மிஞ்சினால், போவது 15 ரூபாய்தான். பணம் பெறும் அமைப்பின் பெயரைச் சொன்னால், அந்த அமைப்பிடமே ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம். பெயரே சொல்லாவிட்டால் வேண்டாம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: வரைந்தவருக்கு என்ன கிடைக்கிறது? இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். தர்மகாரியம் என்று சொல்லி ஓவியரிடம் படத்தை இலவசமாக வாங்கிக்கொள்வது சகஜமாகிவிட்டது. அவருக்கும் வீட்டு வாடகை உண்டு. இந்த விஷயத்தில் நான் மதிப்பது வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களின் சங்கத்தை. இளம்பிள்ளை வாதத்தால் கைகள் செயலிழந்த ஜெர்மன் ஓவியர் எரிக் ஸ்டெக்மான் 1956இல் தொடங்கியது. மும்பையிலிருந்து இங்கேயும் அட்டை, காலண்டர் விற்கிறார்கள். தாங்கள் தர்மம் கேட்கவில்லை, உழைப்பை விற்கிறோம் என்பதில் கறாரானவர்கள். முழு உறுப்பினராகிவிட்ட ஓவியருக்கு, பிறகு வரையவே முடியாமல் போனாலும், ஆயுள் முழுக்க வருமானம் உண்டு.

வரிச்சலுகை கிடைக்காது. நீங்கள் பணம் கொடுத்துப் பொருள் வாங்குகிறீர்கள். வருமான வரிச் சலுகை நன்கொடைக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. வரியும் குறைய வேண்டுமென்றால் படத்தைத் தனியாக வாங்குங்கள், நன்கொடையைத் தனியாகக் கொடுங்கள்.

அப்புறம், ஃபிரேம். இதில் நான் ஒரு படத்தையே இழந்திருக்கிறேன். கடைக்காரர் கண்ணாடியைப் படத்தின் மேலேயே ஒட்டினாற்போல் வைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். எனக்கும் விவரம் தெரியவில்லை. சென்னை மழைக்காலம் இரண்டு போனது. ஒருநாள் கழற்றினால், ஆற்றின் நீலம் முழுக்கக் கண்ணாடியோடு உரிந்து வந்துவிட்டது. கையில் மிஞ்சியது வெள்ளைத் திட்டுகள். மிகவும் பிடித்த படம் அது. அதனால் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி இருக்கும்படி சுற்றிலும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நல்ல சட்டத்தின் செலவு படத்தின் விலையைத் தாண்டலாம், முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது எளிதில் மங்காத பிக்மென்ட் மையா, சீக்கிரம் மஞ்சளாகாத அமிலமில்லாத காகிதமா என்றும் கேளுங்கள். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம்.

அது என்ன படம் என்று நீங்கள் எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.