முன்பணத்தைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: நான் வாங்க நினைக்கும் வீட்டுக்கு வேறொருவரும் தயாராக இருப்பதாகக் கூறி, முன்பணத்தை இன்றே தன்னிடம் ரொக்கமாகத் தரச் சொல்கிறார் தரகர். தரலாமா?

பதில்: தர வேண்டாம். விற்பனை முடிந்தால்தான் பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதால், அவர் அவசரப்படுத்துவது இயல்பே. அந்த அவசரம் உங்களைத் தொற்றிக்கொள்ளக் கூடாது. முதலில் உரிமையாளரை நேரில் சந்தித்து, அசல் பத்திரத்தில் உள்ள பெயர் அவருடைய அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். அடமானமோ வழக்கோ உள்ளதா என்பதை, தரகர் காட்டும் நகல்களை மட்டும் நம்பாமல், உங்கள் சொந்த வழக்கறிஞரைக் கொண்டு விசாரியுங்கள். விற்பனை நின்றுபோனால் பணம் எப்போது திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே, முன்பணத்தை வங்கி வழியாக உரிமையாளரின் கணக்குக்குச் செலுத்துங்கள். கமிஷன் எவ்வளவு, அதை இரு தரப்பிலும் பெறுகிறாரா என்பதையும் தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.