பதினேழு வயதில் கர்ப்பம்: சென்னையில் எங்கே உதவி கிடைக்கும்?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 17 வயது, நான்கு மாதம், போலீஸ் கேஸாகிவிடும் என்று பெற்றோர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து நாளைக்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., எதுவானாலும் சரி. இந்த வயதில் ரத்தசோகையும் ரத்த அழுத்தமும்தான் பெரிய ஆபத்து.

போலீஸ் விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் புகார் நகலைக் கொண்டுவந்தால்தான் அவசர சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 விதிகளில் இது இருக்கிறது. தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

கருவைத் தொடர விருப்பமில்லை என்றால் சிறுமிகளுக்குச் சட்டம் 24 வாரம்வரை இடம் தருகிறது. 20 வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள். காப்பாளரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை. ஆனாலும் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து அவள் மனதில் இருப்பதைக் கேளுங்கள். வீட்டில் பலரும் இதைச் செய்வதே இல்லை.

குழந்தை பிறந்தால் தடுப்பூசிக்கு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம், தாய்க்குச் சத்துமாவுக்கு அங்கன்வாடி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தப் பணத்தை நம்பவேண்டாம். வளர்க்க முடியாத நிலை என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு.