குளவி வேடம் போடும் அந்துப்பூச்சி

கேள்வி: கண்ணாடிச் சிறகு, மஞ்சள் கறுப்புப் பட்டை. குளவி என்று பயந்து ஒதுங்கினால், அந்துப்பூச்சி என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு மார்பும் வயிறும் சேரும் இடம் நூலாக ஒடுங்கியிருக்கும். இந்த அந்துப்பூச்சிக்கு அப்படி ஒடுங்காது. குளவியின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும். இதற்கு மடங்காது, பெரும்பாலும் நுனிப்பக்கம் சற்றுத் தடித்திருக்கும். கடிக்கும் தாடையும் இல்லை, கொடுக்கும் இல்லை. ஆனாலும் அடையாளம் உறுதியாகாமல் கையில் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: அந்துப்பூச்சியைத் தொட்டால் பொடி ஒட்டுமே, இதன் சிறகில் செதிலே இல்லையே?

பதில்: கூட்டைவிட்டு வரும்போது இருக்கும். லேசாக ஒட்டியிருப்பதால் முதல் பறப்பிலேயே உதிர்ந்துவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நரம்புகளிலும் விளிம்பிலும் மிச்சம் தெரியும்.

கேள்வி: விளக்குப்பொறியில் ஒன்றுகூட விழவில்லை.

பதில்: விழாது. இவை பகலில் பறப்பவை. அந்தந்த இனத்துக்குரிய இனக்கவர்ச்சிப் பொறியை (பெண்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை ஈர்க்கும் பொறி) பகலில் தொங்கவிடுங்கள். வருபவை ஆண்கள் மட்டுமே.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். நன்றாக இருந்த பூசணிக்கொடி திடீரென வாடுகிறது. மருந்து அடித்தும் பயனில்லை.

பதில்: தண்டின் அடியில் துளையும், துளையின் வாயில் ஈர மரத்தூள் போன்ற எச்சமும் இருக்கிறதா? இருந்தால், இதே கண்ணாடிச்சிறகு அந்துப்பூச்சிக் குடும்பத்துப் பூச்சியின் புழுதான். தாய்ப்பூச்சி பழுப்பு நிறத் தட்டை முட்டையைத் தண்டின் அடியில் ஒவ்வொன்றாக இடும். 7 முதல் 10 நாளில் பொரித்து புழு உள்ளே புகுந்துவிடும். பிறகு மேலே அடிக்கும் மருந்து எப்படி எட்டும்?

கூரான கத்தியால் துளையிலிருந்து நீளவாக்கில் கீறுங்கள். குறுக்கே வெட்டினால் நீரோட்டம் அறுந்து கொடியே போய்விடும். பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுவை எடுத்துப் போடுங்கள். ஒன்றோடு நிறுத்தாதீர்கள், ஒரே தண்டில் பல இருக்கலாம். கீறிய இடத்தை ஈர மண்ணால் மூடி, அடுத்த கணுக்களிலும் மண் அணையுங்கள். அங்கே புதுவேர் விடும்.

அடுத்த பருவத்தில் வலைத்துணி போர்த்தலாம். ஆனால் அதே இடத்தில் மீண்டும் பூசணி போட்டுப் போர்த்துவது வீண்வேலை: மண்ணுக்குள் குளிர்காலம் கழித்த பூச்சி துணிக்கு உள்ளேயே வெளிவரும். இடத்தை மாற்றுங்கள். பெண்பூ மலரத் தொடங்கியதும் துணியை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் தேனீ வராமல் காயே பிடிக்காது. மஞ்சள் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பூச்சி அதில் வந்து விழும்; முதல் பூச்சி வந்த நாள் தெரிந்துவிடும். மருந்து அடிப்பதானால் அன்றே, தண்டின் அடியில்.