நன்றாக ஓடிய பையன் டிராக் வேண்டாம் என்கிறான், பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

கேட்டிருப்பவர் திருவாரூர் பக்கம் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய மாணவன் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 100 மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவன். இப்போது பதினொன்றாம் வகுப்பு. மைதானத்துப் பக்கமே வராமல் கபடிக்குப் போகிறானாம். கண்டிப்பதா, போகட்டும் என்று விடுவதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் சார். முதலில் அவன் உயரத்தை அளந்து பாருங்கள்.

மன்னார்குடி பக்கத்தில் 22 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். 13 வயதில் மாவட்டப் போட்டியில் எல்லோரையும் பின்னால் விட்டு ஓடுகிற பையனைக் கவனித்தால், பெரும்பாலும் அவனுக்கு மட்டும் மீசை அரும்பியிருக்கும். உடம்பு முந்தி முதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 16 வயதில் மற்றவர்களும் வளர்ந்து பக்கத்து லேனில் வந்து நிற்பார்கள். வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் ஒரே வருஷத்தில் 9, 10 சென்டிமீட்டர் உயருகிற பையன்கள் உண்டு. கால் நீண்டுவிடும், பழைய தப்படி கணக்கு குழம்பிவிடும். டைமிங் அப்படியே நிற்கும், சில சமயம் பின்னுக்கும் போகும். இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், தன்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்றே அவன் நினைப்பான்.

என்னிடம் அப்படி ஒருவன் இருந்தான். ஒன்பதாம் வகுப்பில் 11.6 விநாடி ஓடினான். இரண்டு வருஷம் கழித்தும் 11.5தான். காலையில் நேரத்துக்கு வந்துவிடுவான், ஆனால் புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஸ்பைக்ஸ் லேஸைக் கட்டவே பத்து நிமிஷம் ஆக்குவான். கட்டுவான், அவிழ்ப்பான், திரும்பக் கட்டுவான். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டினேன். 300 மீட்டர், ஆறு தடவை. நாலாவது ஓட்டத்தில் வாந்தி எடுத்தான். அடுத்த வாரம் கபடிக்குப் போய்விட்டான்.

அவனுக்கு முன்னாலேயே ஒரு பெண்ணை இழந்திருந்தேன். 200 மீட்டரில் நல்ல ஓட்டக்காரி. 15 வயதில் ஓட்ட நேரம் அரை விநாடி கூடிவிட்டது. அந்த வயதில் பெண் பிள்ளைகளின் உடல் மாறும், இடுப்பு அகலும், கொஞ்ச காலம் வேகம் தேங்கும். இதெல்லாம் பயிற்சி வகுப்பில் படித்ததுதான். படித்திருந்தும், “என்னம்மா, உடம்பு போட்டுட்டே” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மறுநாள் வரவில்லை. வருஷங்கள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னாள்: “நீங்க சொன்னது கூடப் பரவாயில்ல சார். பசங்க எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க அதட்டவே இல்ல.” இன்றும் அது என்னை உறுத்துகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் தயவுசெய்து உடம்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். கபடிக்குப் போனவனை நான் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு ஊர்ப் போட்டி நடந்தபோது போய்ப் பார்த்தேன். ரெய்டு போய்த் தொட்டுவிட்டு அவன் திரும்பி வந்த வேகத்தில் ஸ்டார்ட் அப்படியே இருந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆறு பேர் கூட இருந்தார்கள். டிராக்கில் அவனுக்கு அது கிடைத்ததில்லை. அங்கே அவன் ஒற்றை ஆள், எதிரே ஸ்டாப்வாட்சோடு நான்.

அடுத்த வருஷம் தொடர் ஓட்டத்துக்கு நாலாவது ஆள் தேவைப்பட்டது. கூட ஓடும் பையன்களே போய் அழைத்து வந்தார்கள். ஆறு வாரம் ஸ்டாப்வாட்சை மேசை டிராயரில் பூட்டி வைத்தேன். ஐப்பசி மழையில் எங்கள் மைதானம் களிமண் சேறாகிவிடும், அதனால் பாமணி ஆற்றங்கரைத் தார்ச்சாலையில் 30 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தரும் பேட்டன் குச்சியை மாற்றிப் பழகினோம். போர் செட்டுக்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. பைப்பை ஒரு அடிக்கு அறுத்து எடுத்ததுதான் பேட்டன். மாநிலப் போட்டி வரை போனார்கள், இறுதிச்சுற்றுக்கு வரவில்லை. ஆனால் பன்னிரண்டாவது முடிக்கும்வரை அவன் காலைப் பயிற்சியை விடவே இல்லை.

2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் நம்மவர்கள் 4×400 மீட்டரை 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை வைத்தார்களே, கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ் திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்த ஓட்டத்தை உங்கள் பையனுக்கு போனில் போட்டுக் காட்டுங்கள். உசேன் போல்ட்டின் கதையையும் சொல்லலாம். சிறு வயதில் அவர் கிரிக்கெட் பக்கம்தான் இருந்தார். 2002இல் 15 வயதிலேயே உலக ஜூனியர் 200 மீட்டர் தங்கம் வாங்கினார். இரண்டே வருஷத்தில், காயத்தோடு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அதற்கப்புறம்தான் பயிற்சியாளர் கிளென் மில்ஸிடம் போனார். பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஏதென்ஸிலிருந்து நாலு வருஷம் ஆனது.

அப்பாவிடமும் பேசுங்கள், ஆனால் பையன் பக்கத்தில் இல்லாதபோது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து பல வீடுகளில் ஒவ்வொரு போட்டியும் வேலைக்கான பரீட்சையாகிவிடுகிறது. தோற்று வந்தால் பையனுக்குச் சோறு இறங்காது.

இந்த வாரம் அவன் கபடி ஆடும் இடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். ஓடச் சொல்லிக் கேட்க வேண்டாம். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது எந்தக் காலைத் தாங்கி நடக்கிறான் என்று மட்டும் பாருங்கள். பின்தொடை வலியை என்னிடம் சொல்லாமலே ஓட்டத்தை விட்டவர்கள் மூன்று பேர்.