தஞ்சாவூர்ப் பக்கம் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரோபோ, சிஎன்சி உள்ள புதுக் கம்பெனிகளில் சேர இப்போதே என்ன கோர்ஸ் முடிக்கலாம்?

தம்பி, உங்கள் கல்லூரியிலும் ஒரு லேத், அதைச் சுற்றி முப்பது பேர், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து என்றுதான் இருக்கும். நான் படித்ததும் அப்படித்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா நாலு மா நிலத்தை ஒத்திக்கு வைத்துப் படிக்கவைத்தார்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) 18 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. 17.98-க்கும் 18.00-க்கும் நடுவில் வர வேண்டும். மைக்ரோமீட்டரில் அளந்தேன், 18.49 காட்டியது. பகீரென்றது. யாரிடமாவது கேட்டால் கேவலம் என்று நானே ஆஃப்செட்டில் (மெஷின் வெட்டும் அளவைத் திருத்தும் எண்) 0.5 குறைத்துவிட்டேன். ஏழு பீஸ் வெளியே வந்தது. எட்டாவது ஓடும்போது பக்கத்து மெஷின் ஐடிஐ அண்ணன் எழுந்து வந்தார். "என்ன தம்பி, சத்தம் மாறுது?"

நான் முதலில் அளந்தது உண்மையில் 17.99. மைக்ரோமீட்டரில் கையால் சுழற்றும் உருளையான திம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லிதான் நகரும். அதிலுள்ள ஐம்பது கோட்டில் 49-இல் நிற்கும்போதே 18-க்கான கோடு விளிம்பில் எட்டிப் பார்க்கும். அதைத் தாண்டிவிட்டதாக நினைத்து 18-உடன் 0.49-ஐக் கூட்டியிருக்கிறேன். 17.5-உடன் கூட்ட வேண்டியது. ஏழு ஷாஃப்ட்டும் 17.49, குப்பை. நான் முதல் வகுப்பு, கேட் (CAD, கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது) பேப்பரில் தொண்ணூறுக்கு மேல்.

சாப்ட்வேர் படிக்காதே என்று சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். கேம் (CAM, மெஷினுக்குப் புரோகிராம் தயாரிப்பது), பிஎல்சி (PLC, மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்) எல்லாம் படியுங்கள், வேண்டும்தான். இப்போது நான் பார்க்கும் மெஷின்களில் ரோபோதான் பீஸை மாட்டுகிறது, புரோப் என்கிற தொட்டு அளக்கும் கருவி தானே அளந்து ஆஃப்செட்டைத் திருத்திக்கொள்கிறது. சரி, அந்தப் புரோப்பே தப்பாகச் சொன்னால்? புதிதாக வரும் பையன்கள் திரையில் வந்த எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

அதனால் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் லீவில் திருச்சிப் பக்கம் துவாக்குடி போங்கள். பெல் (BHEL) பாய்லர் ஆலையை நம்பி வளர்ந்த சின்னச் சின்ன யூனிட்டுகள் அங்கே இருக்கின்றன. பத்துக் கதவைத் தட்டினால் ஒன்று திறக்கும். சம்பளம் கேட்காதீர்கள், டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) படிக்கவும், அளக்கவும் கேளுங்கள். டிகிரி முடித்ததும் 1961 அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும். சொந்தக்காரர்கள் "பெர்மனென்ட் இல்லையா?" என்று இழுப்பார்கள். இழுக்கட்டும்.

அளவு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கம்பெனியில் மைக்ரோமீட்டருக்குக்கூடக் கேலிப்ரேஷன் (சரியாக அளக்கிறதா என்று சோதித்த) ஸ்டிக்கர், அடுத்த தேதி எல்லாம் உண்டு. நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். போன தையில் அப்பா நெல்லுக்குக் காலையில் 16 காட்டிய மீட்டர், வரிசை நகர்ந்து மத்தியானம் வந்தபோது 19 காட்டியது. வெயிலில் கிடந்து ஈரம் ஏறிய நெல்லை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்த மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீ வந்து கேளு" என்றார். இந்தத் தைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.